கொழிஞ்சாம்பாறை வெயிலில் ஏழு டிகிரி

சாமி, ஞாயிற்றுக்கிழமைதானே பேசினோம், அதற்குள் என்ன கடுதாசி என்று உனக்குத் தோன்றும். பேசியதில்தான் கோளாறு. அதனால்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ கேட்டது எனக்கு அப்படியே காதில் இருக்கிறது. "அப்பா, எங்க கம்பெனில கோயமுத்தூர் ஆபீசுக்கு ஒரு எடம் வருதுங்க. இந்த மாசக் கடைசிக்குள்ள நான் சரின்னு சொல்லோணும். இல்லீன்னா இங்கயே ஊடு வாங்கீரலாம்னு கவிதாவும் நானும் பேசிட்டிருக்கறோம். நீங்க சொல்லுங்க, நான் அங்க வரோணுங்ளா?" இவ்வளவு நேராக நம் வீட்டில் யாரும் யாரையும் எதையும் கேட்டதில்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பதற்றத்தில் வாய்க்குப் பழக்கமானது தானாக வந்துவிட்டது. "எனக்கென்ன சாமி, நெம்ப நல்லா இருக்கறேன். நீ அங்கயே வாங்கு" என்றேன்.  நீ கனடாவில் இன்னும் பனி விடவில்லை என்றாய். நான் இங்கே தேங்காய் போட ஆள் கிடைக்கவில்லை என்றேன். அதோடு வைத்துவிட்டோம்.

உன் கேள்விக்குப் பதில் இந்தத் தாளில் இருக்கிறது. ஆனால் முதலில் நம் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிழவன் ஊரைச் சுற்றுகிறான் என்று நினைக்காதே. நேராக வரத் தெரிந்தவனாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமையே வந்திருப்பேன். நீ வேலைக்குப் போன புதிதில் வாங்கிக் கொடுத்தாயே, அந்த வெள்ளைக் கார், அது இப்போது தோட்டத்துச் சாளையில், ஓலைக் கொட்டகைக்குள் நிற்கிறது. பக்கத்திலேயே தேங்காய் மட்டைக் குவியல். மட்டை இருக்கும் இடத்தில் எலி இருக்கும், எலி இருக்கும் இடத்தில் வயர் இருக்காது. எல்லாரும் செய்வதைப்போல நானும் பானெட்டுக்குள் புகையிலையைக் கட்டிப் போட்டேன். நம் தோட்டத்து எலிகளுக்கு அது வெற்றிலைக்குத் தொட்டுக்கொள்ள ஆனது போலிருக்கிறது. மாசி மாதத்தில் ஒருநாள் கண்ணாடி துடைக்கிற தண்ணீரை ஊற்றலாம் என்று பானெட்டைத் தூக்கினேன். என்ஜினுக்குக் காற்று போகிற தடித்த குழாயின் மேல் ஒரு சின்ன மூக்கு மாதிரி ஏதோ செருகியிருந்தது. அதிலிருந்து வருகிற இரண்டு மெல்லிய வயர்களில் ஒன்றை எலி சுத்தமாகக் கத்தரித்துவிட்டிருந்தது.

உன் அப்பனுக்குத் தெரிந்த வைத்தியம் உனக்கும் தெரியும். பல்லால் கடித்து மேல் தோலை உரித்தேன். இரண்டு நுனியையும் முறுக்கிச் சேர்த்தேன். பழைய சைக்கிள் டியூபில் ஒரு நாடா அறுத்து இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டேன். கிணற்று மோட்டாருக்கு நான் போட்ட ஜாயின்ட் எல்லாம் இப்படித்தான். சுற்றியுள்ள எந்தத் தோட்டத்துக் கிணற்றுக்குப் போனாலும் என் முடிச்சு ஒன்றாவது தொங்கும், இதுவரை ஒன்றுகூட அவிழ்ந்ததில்லை. அந்தத் திமிர் எனக்கு. போர்வெல் தண்ணீரை ஓஸ் பைப்பில் பிடித்துக் காரைக் கழுவும்போதெல்லாம் பானெட்டுக்குள்ளும் இரண்டு பாய்ச்சல் பாய்ச்சினேன். மோட்டாருக்குத் தண்ணீர் ஆகாதா என்ன என்று நினைப்பு.

பங்குனி பாதியில் வண்டி மாறிவிட்டது. டேஷ்போர்டில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியும், குழியில் இறங்கி ஏறினால் அணையும், மறுநாள் திரும்ப எரியும். நிற்கும்போது வண்டி உதறும். புகைக்குழாயில் விரலை விட்டால் அடுப்புக் கரி போல் அப்பிக்கொண்டு வந்தது. பெட்ரோல் வாசம் சட்டையில் ஏறி வீட்டுக்குள் வந்தது. பொள்ளாச்சி ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற தண்டபாணியிடம் கொண்டுபோனேன். அவனை உனக்குத் தெரியாது, நீ போன பிறகு வந்தவன். வாய் ஓயாது. வண்டியைப் பார்க்கும் முன்பே இன்ன கோளாறு என்று தீர்ப்புச் சொல்லிவிடுவான், அதில் பாதி தப்பாக இருக்கும், மீதிப் பாதியில் பிழைப்பு நடக்கிறது. சின்ன டிவி மாதிரி ஒரு ஸ்கேனரை ஸ்டியரிங்குக்கு அடியில் மாட்டினான். மாட்டியவன் சிரிக்க ஆரம்பித்தான், நிறுத்தவே இல்லை.

"ஏனுங்கண்ணா, இங்க பாருங்க. வெளிய தார் உருகுது. உங்க வண்டி உள்ள வர்ற காத்து ஏழு டிகிரிங்குது. நம்ம கொழிஞ்சாம்பாறைல ஏழு டிகிரி! மூணாறுல நிக்கறதா நெனச்சுட்டிருக்குதுங்க."

அவன் சொன்ன விவரம் இதுதான். அந்தச் சின்ன மூக்கு, காற்று எவ்வளவு சூடு என்று பார்த்துச் சொல்கிற சென்சார். குளிர்ந்த காற்று அடர்த்தியானது, அதற்குப் பெட்ரோல் கூடுதலாக வேண்டும். வண்டிக்குள் இருக்கிற கம்ப்யூட்டர் வெளியே எட்டிப் பார்ப்பதில்லை. சென்சாரிலிருந்து வயரில் என்ன வருகிறதோ அதுதான் அதற்கு வெயிலும் மழையும். ஏழு டிகிரி என்று வந்தால் ஏழு டிகிரிக்கு உண்டான பெட்ரோலை ஊற்றும். நாம் வேர்த்து வழிந்துகொண்டு உட்கார்ந்திருப்போம், அது நமக்குக் குளிரும் என்று பரிந்து பரிந்து ஊற்றிக்கொண்டிருக்கும். பாவம், அதன் மேல் ஒரு தப்பும் இல்லை.

பிறகு அவன் ஒரு கேள்வி கேட்டான். "வயருல கியருல எங்காச்சும் கை வெச்சீங்ளாண்ணா?"

"ஒண்ணுந் தொடலியேப்பா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்று வரை யோசிக்கிறேன். பயமா என்றால் பயமில்லை. அவன் என்னை என்ன செய்துவிடப் போகிறான்? ஊர் மோட்டாரையெல்லாம் கிணற்றிலிருந்து ஏற்றி இறக்கியவன் ஒரு நூல் வயரைச் சேர்க்கத் தெரியாமல் சொதப்பிவிட்டான் என்று அவன் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லுவானே என்ற ரோசம்தான். நான் இல்லை என்றதும் அவன் நம்பிவிட்டான். சென்சார்தான் போச்சு என்று தீர்ப்பு எழுதி, புதிது வாங்கி மாட்டினான். மாட்டுகிற அசைவில் என் முடிச்சு எங்கேயோ ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும், ஒரு வாரம் வண்டி சமர்த்தாக ஓடியது. அடுத்த வாரம் பழைய குருடி. இரண்டாவது சென்சாரும் மாட்டினான். கம்பெனிக்காரர்கள் எல்லாம் ஏமாற்றுகிறார்கள் என்று அவன் ஒரு மணி நேரம் திட்டினான். நானும் கூட நின்று ஆமாம் ஆமாம் என்றேன். என் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும்.

இதற்கு நடுவில் அவன் இன்னொன்றும் கேட்டான். வண்டி எங்கே ஓடுகிறது, எவ்வளவு ஓடுகிறது, மேட்டிலா சமதளத்திலா என்று. பெட்ரோல் கணக்குப் பார்க்கத்தான். அதற்கும் நான் மழுப்பினேன். உன்னிடம் மழுப்பப் போவதில்லை. நான் எங்கேயும் போவதில்லை, சாமி. பால் சொசைட்டிக்கு நடந்தே போய்விடலாம். தேங்காய் எடுக்க வியாபாரி வண்டியோடு தோட்டத்துக்கே வருகிறான். சாயந்திரமானால் வீட்டில் இருக்க முடிவதில்லை, அதனால் காரை எடுக்கிறேன். பொள்ளாச்சி ரோட்டில் செக்போஸ்ட் வரைக்கும் போவேன். அங்கே ஓரமாக நிறுத்திவிட்டு, வருகிற பஸ்ஸில் யார் யார் இறங்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். தெரிந்தவர் யாராவது இறங்கினால் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டில் விடலாமே என்று. பெரும்பாலும் யாரும் இருக்க மாட்டார்கள். ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புவேன். இன்னொன்று சொல்கிறேன், சிரிக்காதே. பக்கத்து சீட்டில் கனமாக எதையாவது வைத்தால் பெல்ட் போடவில்லை என்று வண்டி கீச்கீச்சென்று கத்தும் இல்லையா? நான் ஒரு மூட்டைப் புண்ணாக்கை அந்த சீட்டில் வைத்துக்கொள்கிறேன். பெல்ட் போடுவதில்லை. அது கத்திக்கொண்டே வருகிறது. நானும் "சும்மா இரு" என்று அதட்டிக்கொண்டே ஓட்டுகிறேன். வீட்டுக்கு வந்து வண்டியை அணைத்தால் அந்தச் சத்தமும் நின்றுவிடும். அப்புறம் மறுநாள் காலையில் பேப்பர்காரன் மணியடிக்கிற வரைக்கும் என் பேர் சொல்லி ஒரு குரல் கிடையாது.

மூன்றாவது முறை போனபோது தண்டபாணிக்கே வெட்கமாகிவிட்டது. சென்சாரை மாற்றும் பேச்சை விட்டுவிட்டு, முதலில் செய்திருக்க வேண்டியதை அப்போது செய்தான். கழற்றிப் போட்ட பழைய சென்சார்கள் இரண்டையும் எடுத்து, மீட்டரில் மாட்டி, ஒவ்வொன்றாகச் சூடான டீ கிளாஸின் மேல் ஒட்டிப் பிடித்தான். சூடு ஏற ஏற முள் ஒழுங்காக இறங்கியது. இரண்டுமே நல்ல சென்சார், ஒரு குறையும் இல்லை. அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. பிறகு வண்டியில் சென்சாரின் மூக்கிலிருந்து வயர் முனையைக் கழற்றிவிட்டு ஸ்கேனரைப் பார்த்தான். மைனஸ் நாற்பது காட்டியது. ஒன்றுமே வராவிட்டால் அது அப்படித்தான் காட்டுமாம், உள்ளதிலேயே அடிக்குளிர். உன் ஊர்க் குளிர் இதுதானா என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் ஒரு துண்டுக் கம்பியை வளைத்து, கழற்றிய முனையின் இரண்டு துளையையும் சேர்த்துக் கொடுத்தான். "இப்ப பாருங்கண்ணா. வயரு நல்லா இருந்துச்சுன்னா உச்சிக்குப் போயி நிக்கோணும். நெருப்புக்குள்ள நிக்கறமாட்டக் காட்டோணும்" என்றான். ஸ்கேனர் பதினாறுக்கு ஏறியது. அங்கேயே நின்றுவிட்டது.

அவன் என்னைப் பார்க்கவில்லை. "வழில எங்கயோ மறிக்குது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வயரைப் பிடித்து விரலால் தடவிக்கொண்டே போனான். நான் அவன் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அந்த விரல் எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். இப்போதாவது சொல்லிவிடு என்று மனசு சொல்கிறது, வாய் திறக்கவில்லை. விரல் டியூப் ரப்பரில் போய்த் தட்டியது. பிளேடால் அறுத்துத் திறந்தான். உள்ளே என் முறுக்கு பாசி பிடித்த மாதிரி பச்சையாகப் பூத்துப் போயிருந்தது. கிணற்று மோட்டாரின் தடித்த கம்பியில் ஓடுகிற கரண்டு இந்தப் பச்சையைப் பொருட்படுத்தாது, முட்டிக்கொண்டு போய்விடும். இது நூல் வயர், அதில் போவது ஒரு முணுமுணுப்பு. பச்சை பூத்தால் பாதி வழியிலேயே செத்துவிடும். சென்சார் முப்பத்தெட்டு என்று சொல்லும், கம்ப்யூட்டருக்கு ஏழு என்று கேட்கும்.

"ஆரு வேலைங்க இது?" என்றான்.

"எலி கடிச்சுது. நாந்தான் முறுக்கி உட்டேன்."

அவன் பிளேடை வைத்துவிட்டுத் திரும்பினான். சிரிப்பான் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. கோபம்தான் வந்தது. "ஏனுங்கண்ணா, மொத நாளே கேட்டனுங்ளே. அன்னிக்கே இங்க ஒரு கட்டு இருக்குதப்பான்னு சொல்லியிருந்தா அர மணி நேர வேலைங்க. ரெண்டு நல்ல சென்சாரக் கழட்டி வீசிட்டு, நானும் கெட்ட பேரு வாங்கி, நீங்களும் அலஞ்சு... நீங்க ஒண்ணுமில்லீன்னு சொன்னா நான் அத நம்பித்தானுங்க வேல பண்ணோணும்? வேற என்னத்த வெச்சுப் பண்றது?" என்றான். அதற்குமேல் பேசாமல் பச்சையை வெட்டி எறிந்துவிட்டு, புது வயர் வைத்துச் சூட்டுக்கோலால் ஈயம் பற்ற வைத்தான். தண்டபாணி அவ்வளவு நேரம் வாயை மூடி இருந்து நான் பார்த்ததில்லை. முடிந்ததும் ஸ்கேனர் முப்பத்தெட்டு காட்டியது. வண்டி உதறல் நின்று பூனைபோல் நின்றது. இது நடந்தது போன வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டாய்.

இனி நான் விளக்க வேண்டுமா? நீ படித்தவன், உனக்குப் புரிந்திருக்கும். ஆனாலும் உன் அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க மாட்டேன். இதே காரில் நாம் மூன்று பேரும் மூணாறு போனோமே, பள்ளிவாசல் கரண்டு ஆபீஸ் பக்கம் இறங்கி நின்று, மின்சாரம் எடுக்கத் தண்ணீரோடு மலையில் இறங்குகிற அந்தப் பெரிய இரும்புக் குழாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தோமே, நினைவிருக்கிறதா? அவள் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னதற்கு நாம் இரண்டு பேரும் கேலி செய்து விட்டுவிட்டு வந்திருந்தோம். உதடு கறுத்துப்போய் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிற்கிறாள். குளுருதா என்று கேட்டால், "எனக்கென்னுங்க, ஒண்ணுங் குளுரலீங்க" என்கிறாள். நாமும் சரி என்று இன்னும் ஒரு மணி நேரம் வேடிக்கை பார்த்தோம். அதைச் சொல்லிச் சொல்லி எத்தனை நாள் சிரித்திருக்கிறோம். பிறகு வயிற்று வலி வந்தபோதும் அவள் அதையேதான் சொன்னாள். "கொஞ்சம் பொருமுதுங்க, அவ்ளோதானுங்க." நான் ஓமவாட்டர் வாங்கிக் கொடுத்தேன். அவள் எவ்வளவு சொன்னாளோ அவ்வளவுக்குத்தான் நான் பார்த்தேன். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர், இத்தனை மாதமாக எப்படித் தாங்கினார்கள் என்று கேட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. அந்த அறையில் அவள் என்னைப் பார்த்து, நீங்கள் பயப்படுவீர்கள் என்றுதான் சொல்லவில்லை என்றாள். எனக்கு அவள் மேல் எவ்வளவு கோபம் தெரியுமா? இன்னும் இருக்கிறது. சொல்லியிருந்தால் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேனே. என்னை ஒரு மனுசனாக நினைத்துச் சொல்லவில்லையே என்று இன்றைக்கும் அவள் படத்துக்கு முன்னால் நின்று சண்டை போடுகிறேன்.

அவளிடம் அவ்வளவு கோபித்துக்கொண்டவன், அவள் செய்ததையே உனக்குச் செய்துகொண்டிருக்கிறேன். நீ ஒவ்வொரு ஞாயிறும் கேட்கிறாய், நான் ஒவ்வொரு ஞாயிறும் பொய் சொல்கிறேன். அதை வைத்துக்கொண்டுதான் நீ அங்கே வீடு பார்க்கிறாய். நாளைக்கு ஏதாவது ஆகி நீ பிளேனில் வந்து இறங்கி, அப்பா ஏன் சொல்லவில்லை என்று என் படத்தோடு சண்டை போடுவாய். அந்தச் சண்டை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், சாமி. அது உனக்கு வேண்டாம்.

ஆகவே உள்ளதைச் சொல்கிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, இது சத்தியம். சர்க்கரை கொஞ்சம், முழங்கால் கொஞ்சம், என் வயதுக்கு உள்ளதுதான். தனிமைதான் தாங்கவில்லை. சமைத்தால் ஒரு ஆளுக்குச் சமைக்கக் கை வருவதில்லை. மிஞ்சுவதை மாட்டுக்குக் கொட்டிக் கொட்டி, இப்போதெல்லாம் சாயந்திரம் பன்னும் டீயும்தான். கல்யாணப் பத்திரிகை வந்தால் போய்த் தலையைக் காட்டுகிறேன், பந்தியில் பக்கத்து இலைக்காரர் எழுந்துபோன பிறகும் உட்கார்ந்திருக்கிறேன். சில நாள் குரல் இருக்கிறதா என்று பார்க்க நானே தொண்டையைக் கனைத்துக்கொள்கிறேன். அழுகை வருகிறது. ஆம்பளை அழலாமா என்று கேட்க ஆள் இல்லாததால் அழுதும் விடுகிறேன்.

நீ வந்தால் எல்லாம் சுகமாக இருக்கும் என்று நான் சொல்லவில்லை. நானும் நீயும் ஒரு கூரைக்குள் ஒரு மாதம் சண்டை போடாமல் இருந்ததில்லை. கோயம்புத்தூரிலிருந்து நீ வாரத்துக்கு ஒருநாள்தான் இங்கே வர முடியும், அதுவும் எனக்குத் தெரியும். அங்கே நீ கட்டிய வாழ்க்கையைக் கலைத்துக்கொண்டு வர வேண்டும். கவிதாவுக்கும் அங்கே வேலை இருக்கிறது, அவளுக்கும் ஒரு மனசு இருக்கிறது. இதை அவளோடு உட்கார்ந்து படி, ஒளித்து வைக்காதே. இரண்டு பேரும் கூடிப் பேசி, முடியாது என்று முடிவு செய்தால் நான் முறைத்துக்கொள்ள மாட்டேன். கொஞ்ச நாள் முறைப்பேன், பிறகு சரியாகிவிடுவேன். ஆனால் நீங்கள் எடுக்கும் முடிவு என் பொய்யின் மேல் நிற்கக் கூடாது, அவ்வளவுதான்.

இந்தத் தாள்களை மடித்துத் தபாலில் போட்டால் மாதக் கடைசிக்குள் வந்து சேராது. தண்டபாணியிடம் கொடுத்துப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பச் சொல்லப் போகிறேன். அவன் படித்துவிடுவான், ஊரெல்லாம் சொல்வான். சொல்லட்டும். வருகிற ஞாயிறு நீ கூப்பிடும்போது உன் குரலைக் கேட்டதும் எனக்குத் தைரியம் போய்விடும். இதெல்லாம் ஏதோ வெயில் கிறுக்கில் எழுதியது, நீ அங்கேயே இரு என்றுகூடச் சொல்லிவிடுவேன். நீ மசியாதே. நான் வரோணுங்ளா என்று திரும்பக் கேள். நான் பேச்சை மாற்றினால் மறுபடியும் கேள். தேங்காய், மழை, பால் என்று நான் எங்கே ஓடினாலும் விடாமல் கேள்.

வரோணும், சாமி.